குழாயைத் திறந்துவிட்டு அழுத நாட்கள்

எங்கள் சபையில் புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம். போதகரின் மனைவி ஒரு தட்டில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். ஜெபித்துவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதில் அச்சடித்திருக்கும் வேத வசனம், அந்த வருஷம் முழுக்க நமக்குக் கர்த்தர் கொடுத்திருக்கும் வாக்கு. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைப்போம். வசனம் பிடிக்கவில்லை என்று இன்னொன்று எடுக்கக் கூடாது.

அந்த வருஷம் எனக்கு வந்தது, களஞ்சியங்கள் நிரம்பும் என்கிற வசனம். காரைக்குடியில் இரண்டு அறை வாடகை வீட்டில், ஓர் அரிசி டப்பாவை வைத்துக் குடித்தனம் நடத்துகிறவளுக்குக் களஞ்சியம்! சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து என் வீட்டுக்காரர் எடுத்தார். சாகாமல் பிழைத்திருந்து கர்த்தர் செய்ததைச் சொல்லுவேன் என்கிற சங்கீத வசனம். என் சிரிப்பு அப்படியே நின்றது.

அதற்கு முந்தைய மாதம்தான் சிவகங்கையில் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். ஈரலில் கட்டி முற்றிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று. திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்கள் பேசவே இல்லை. காளையார்கோவிலில் பஸ் நின்றபோது மட்டும், "டீ குடிக்கிறியா?" என்று கேட்டார்.

இப்போது அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா? பாத்தியா?" என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டி ஸ்தோத்திரம் சொன்னார்கள். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கொத்தமங்கலத்தில் கரண்டு போனால், கொட்டுகிற மழையிலும் கம்பத்தில் ஏறியவர். இவருக்குப் பயம் என்பதே கிடையாது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அந்த அட்டையை அவர் பிடித்திருந்த பிடியைப் பார்த்தபோதுதான் எவ்வளவு பயந்துபோயிருந்தார் என்று புரிந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சாவைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்றாகிவிட்டது. நான் எதையாவது ஆரம்பித்தால், "அவிசுவாசமாப் பேசாத" என்று பிரிட்ஜைக் காட்டுவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவர் போவதற்கு முன் அவர் கையைப் பிடித்து அழ வேண்டும். உங்களோடு நன்றாகத்தான் வாழ்ந்தேன் என்று சொல்ல வேண்டும். எங்கேயும் போகப்போவதில்லை என்கிறவரிடம் போய் எப்படி விடைபெறுவது?

ஜெபிக்க வருகிறவர்கள் வேறு. "அக்கா, அண்ணனுக்குக் கர்த்தர் வாக்குக் குடுத்துட்டாரு. நீங்க கண்ணு கலங்கிறாதீக, அதுவே அவிசுவாசம்." அன்போடுதான் சொன்னார்கள். நானும் காபி போட்டுக் கொடுத்தேன். மனசுக்குள் கொடுத்தது வேறு.

அதனால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பக்கெட் நிரம்பி வழியும் சத்தத்தில் வெளியே ஒன்றும் கேட்காது. வயிறு வீங்கி, கால் வீங்கி, கட்டிலை விட்டு இறங்க முடியாமல் கிடந்தவர் ஒரு நாள் கேட்டார்: "என்ன, டேங்க் இப்புடிக் காலியாகுது? எங்கயும் ஒழுகுதா?"

"குழாய்ல வாசர் போயிருக்கும்" என்றேன்.

சாயங்கால ஜெபத்தில் எப்போதும் அவர்தான் வாசிப்பார். வேதாகமத்தைக் கையில் பிடிக்க முடியாமல் போனதும் நான் வாசித்தேன். யோவான் சுவிசேஷம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. லாசரு செத்து, அவனுடைய சகோதரிகள் இயேசுவிடம் அழும் அதிகாரம் வந்தது. கல்லறையிலிருந்து அவன் எழுந்து வரும் இடம்தானே இவருக்கு வேண்டியிருக்கும் என்று மளமளவென்று வாசித்தேன். இயேசு கண்ணீர் விடும் இடத்தில், "நிறுத்து" என்றார்.

"அவருக்குத் தெரியுந்தான?"

"என்னது?"

"இன்னுங் கொஞ்ச நேரத்துல அவன எழுப்பப்போறோம்னு."

"தெரியும்."

"தெரிஞ்சுந்தான அழுதிருக்காரு."

அவர் பிரிட்ஜ் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "டேங்க் ஒழுகலைன்னு எனக்குத் தெரியும். இனிமே குழாயத் திறந்துவிட்டு அழுகாத. இங்குட்டு வந்து உக்காந்து அழு."

கட்டிலில் போய் உட்கார்ந்தேன். அழுதேன். அவரும் அழுதார். அவரிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் அன்று சொல்லி முடித்தேன். அவர் சொன்னவற்றில் பாதி எனக்கு மட்டும். மீதிப் பாதி, அவருடைய தொழில் புத்தி. "ஈரக் கையோட மோட்டார் சுவிட்சத் தொடாத. எத்தன தடவ சொல்லியிருக்கேன்? நான் இல்லாதப்பவும் தொடாத" என்றார். நான் இல்லாதப்ப என்று அவர் வாயிலிருந்து வந்த ஒரே தடவை அதுதான்.

ஈஸ்டருக்கு முன்பே போய்விட்டார். அட்டை பிரிட்ஜில் ஒட்டியபடியே இருந்தது. நித்திய ஜீவனில் அவர் பிழைத்திருக்கிறார், வாக்கு பொய்க்கவில்லை என்றார் போதகர். நானும் அதை நம்புகிறவள்தான். ஆனாலும் காலையில் பழக்கத்தில் இரண்டு டம்ளர் எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்பக் கவிழ்க்கும்போது கர்த்தர்மேல் கோபம் கோபமாக வருகிறது. அதையும் அவரிடமேதான் சொல்கிறேன். வேறு யாரிடம் சொல்ல?

ஒன்று யோசித்துப் பார்க்கிறேன். எழுந்து வந்த லாசருவும் பிறகு ஒரு நாள் செத்துத்தான் போயிருப்பான். அதை வேதத்தில் எழுதவில்லை. அந்த இரண்டாவது சாவின்போது அவன் சகோதரி மார்த்தாள் என்ன செய்திருப்பாள்? இந்த முறை கல்லறைக் கல்லைப் புரட்ட யாரும் வரவில்லை. வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்திருப்பாள். முதல் தடவை தன்னோடு நின்று அழுதவரை நினைத்துக்கொண்டிருப்பாள். எனக்கும் இப்போதைக்கு அவ்வளவுதான் கையில் இருக்கிறது.

இந்தப் புத்தாண்டில் தட்டிலிருந்து என் அட்டையை எடுத்த பிறகு, அவருக்கும் ஒன்று எடுக்கக் கை தானாகப் போனது. போதகரின் மனைவி தட்டை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவர் கட்டிலில் உட்கார்ந்து, அதே அதிகாரத்தை அதே இடம் வரைக்கும் சத்தமாக வாசித்து, அழுது தீர்த்தேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு மோட்டார் போடப் போனேன். சுவிட்சைத் தொடுவதற்கு முன் இரண்டு கைகளையும் முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டேன்.