உள்ளூர் சேனல் வராத பெட்டி

இணைய இணைப்போடு சேர்த்துக் கொடுத்த புதுப் பெட்டியை டிவியில் மாட்டிய அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தூறல் விழுந்தாலே படம் நின்றுபோகும் கேபிளுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டேன். பிள்ளைகள் என்னை ஏதோ சாதித்தவனைப் போலப் பார்த்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

அப்பா மட்டும் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நம்மூரு சேனல் வராதா கண்ணு?" என்றார்.

"உலகமே வருதுங்கப்பா. நம்மூரு எதுக்குங்க?"

சரி என்று தலையாட்டிவிட்டார். அந்தச் சேனலில் அவர் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். காலையில் போடும் இறப்பு அறிவிப்பு. படம், ஊர், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற விவரம். தெரிந்த முகமாக இருந்தால் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு வராதவரிடம் சண்டை போடுவார்கள். எழவுக்கு வராதவரிடம் பேச்சையே நிறுத்திவிடுவார்கள்.

மூன்றாவது வாரம், நூல் வாங்கப் போன கடையில் ஒருவர் கேட்டார்: "மங்கலத்து எழவுல உங்கப்பாவக் காணமேங்க? ஏனுங்க, ஏதாச்சும் கோவமுங்களா?"

இறந்தவர், பனியன் கம்பெனியில் அப்பாவோடு இருபது வருஷம் பக்கத்து மிஷினில் நின்றவர். இருவரும் ஒரே தூக்குச் சட்டியில் சாப்பிட்டவர்கள். அவர் போய் ஆறு நாளாகியிருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"மொகத்தக்கூடப் பாக்கலையே சாமி," என்றார் அப்பா. அவ்வளவுதான். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, மங்கலம் போக வண்டியில் என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நண்பரின் மனைவி எங்களைக் கண்டதும் வாசலிலேயே அழுதார். "நம்மூரு சேனல்ல போட்டமுங்களேண்ணா. நீங்க தெனமும் பாப்பீங்கன்னுதான் போன் பண்ணாம உட்டுட்டோம். உங்களுக்காக எடுக்கறதையே அரைமணி நேரம் தள்ளிப் போட்டமுங்க."

என்னால்தான் என்று சொல்லிவிட வாயைத் திறந்தேன். அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"எனக்குக் காய்ச்சலுங்கம்மா. ஒரு வாரமா டிவி பக்கமே போகலீங்க."

"அதான பாத்தேன்," என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லா இருந்தா நீங்க வராம இருப்பீங்களா?"

துக்க வீட்டில் அவரே எழுந்து உள்ளே போய், காய்ச்சல்காரருக்கென்று சுக்குத் தண்ணீர் வைத்துக் கொண்டுவந்தார். அப்பாவுக்குச் சுக்கு வாடையே ஆகாது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்பா மேல் அன்று வந்த அளவு பாசம் அதற்கு முன் எனக்கு வந்ததே இல்லை. முகம் சுளிக்காமல், டம்ளரைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.