திருப்பிக் கொடுத்த சிப்பாய்

பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் அந்த லேபில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அதே ஜன்னலோர மேஜை, அதே மெழுகுக் கத்தி. யாரோ ஒருவருடைய ஈறு பிளாஸ்டர் அச்சாக வந்து சேரும். அதன்மேல் மெழுகு கட்டி, ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, அந்த ஆள் சிரித்தால் எத்தனை பல் தெரியும் என்று யோசித்து யோசித்துச் செய்வாள். அவசரம் என்பது அவள் பக்கம் தலைவைத்தும் படுக்காது. அப்படிப்பட்டவள் செல்போனில் மூன்று நிமிடச் செஸ் ஆடுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆடினாள். தினமும் பகல் ஒன்று பத்துக்கு, சாப்பாட்டு டப்பாவின்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஆடினாள். தினமும் தோற்றாள்.

எதிராளி அவள் தம்பி. வேறு ஊரில் லிஃப்ட் மெக்கானிக். சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் காலில் சக்கரம், மூக்குக்கு மேல் கோபம். செஸ்ஸிலும் அதே கதைதான். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவான். அவளும் தள்ளுவாள். உடனே அதற்குப் பக்கத்துச் சிப்பாயை எந்தக் காவலும் இல்லாமல் அவள் வாய்க்கு நேரே நீட்டுவான். "எடுத்துக்கோக்கா, ஓசிதான்" என்பான், பள்ளிக்கூட நாளில். அவள் எடுப்பாள். எடுத்ததைக் காப்பாற்ற இன்னொரு சிப்பாயைத் தள்ளுவாள். அவன் ஒரு குதிரையையும் தூக்கிக் கொடுப்பான். அதையும் எடுப்பாள். இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் ராணியும் மந்திரியும் யானையும் அவள் ராஜாவின் வாசலில் நிற்கும். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

இருவரும் பேச்சை நிறுத்தி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. காரணம் அம்மாவின் பல்.

அம்மாவுக்கு மேலும் கீழும் முழுசெட், அவள் கையால் செய்தது. அம்மா இறந்த அன்று சாயங்காலம் தம்பி வந்து சேர்ந்தான். வாய் உள்ளே போய், கன்னம் ஒட்டி, யாரோ போலக் கிடந்தாள் அம்மா. "ஊருக்கெல்லாம் பல்லு கட்டுறியே, பெத்தவளுக்கு எடுத்து வைக்க மறந்துட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். "வருஷத்துக்கு ஒருதரம் வர்றவனுக்கு அம்மா முகம் எப்படி இருந்துச்சுன்னு என்ன தெரியும்?" என்று அவளும் திருப்பிக் கொடுத்தாள். அதோடு சரி.

உண்மையில் அவள் மறக்கவில்லை. பல் வீட்டிலேயே இல்லை. முன்பல் ஒன்று விரிசல் விட்டிருந்தது என்று அன்று காலைதான் லேபுக்குக் கொண்டுவந்திருந்தாள். பக்கத்து வீட்டம்மாவிடமிருந்து போன் வந்தபோது அவள் கையில் அம்மாவின் பல், காதில் பாலிஷ் மோட்டார் சத்தம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தும் பல்லைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாளே, கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லையே. இதைச் சொல்வதைவிட, 'மறந்துவிட்டாள்' என்ற கெட்ட பெயரே மேல் என்று அவளுக்குப் பட்டது. அந்தப் பெயரை வாங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சரிசெய்த செட் மேஜை இழுப்பறையில் ஒரு டப்பாவில் இருந்தது.

மூன்று மாதம் கழித்து, செஸ் ஆடும் அந்த ஆப்பில், முன்பின் தெரியாத பெயரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. இரண்டாவது நகர்த்தலில் ஓசிச் சிப்பாய். தம்பிதான் என்று தெரிந்துபோனது. ஒரு வார்த்தை எழுதவில்லை, அவனும் எழுதவில்லை. ஆடினார்கள், தோற்றாள். மறுநாளும் ஒன்று பத்துக்கு அழைப்பு. இப்படியே போனது. தம்பி உயிரோடு இருக்கிறான், சாப்பிட உட்கார்ந்திருக்கிறான் என்பதற்கு அவளுக்கு அந்தச் சிப்பாய்தான் சாட்சி.

இதைக் கெடுத்தவர் பாலிஷ் அண்ணன். பக்கத்து மேஜைக்காரர், தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் தூசி. தினமும் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துப் பார்த்து ஒருநாள் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, தெனம் இதே குழியில விழுறியே, கால் வலிக்கலையா?"

"என்னண்ணே பண்றது, கொடுக்கிறான், எடுக்கிறேன்."

"எடு, வேணாங்கல. அடுத்ததுல ராணிக்கு முன்னாடி நிக்கிறதை ரெண்டு கட்டம் தள்ளி அவன்கிட்ட கொடுத்துரு. அவன் அதை எடுத்துட்டு நிக்கட்டும், நீ குதிரையை வெளிய கொண்டா. வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துட்டா அப்புறம் எதை வச்சு உன்னை அடிப்பான்?"

"எடுத்ததைக் கொடுக்கிறதா?"

"காப்பாத்தப் போய்த்தானேம்மா தோக்குற."

மறுநாள் ராணிக்கு முன்னால் நின்றதைத் தள்ளிவிட்டாள். அதுவரை கண்ணை மூடிக்கொண்டு அரை நொடியில் ஆடிக்கொண்டிருந்த தம்பி ஐம்பது நொடி அசையவில்லை. அப்புறம் கண்டபடி பாய்ந்தான். பாய்ந்ததெல்லாம் வீண். இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவள் ஜெயித்தாள். பாலிஷ் அண்ணன் கையைத் தட்ட, லேப் முழுக்கத் தூசி பறந்தது.

அடுத்த நாள் ஒன்று பத்துக்கு அழைப்பு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. சின்ன வயதில் தோற்றால் பலகையைக் கவிழ்த்துவிட்டுப் போகிறவன் அவன். கவிழ்த்துவிட்டான் என்றே நினைத்தாள். இருந்த ஒரே நூலையும் தன் கையாலேயே அறுத்தோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஒரு பல்செட்டில் இடது கடைவாய்ப்பல்லை வலது பக்கம் நிறுத்திவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் செய்யாத தப்பு. பாலிஷ் அண்ணன் அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பத்தாம் நாள் அழைப்பு வந்தது. சிப்பாய், சிப்பாய், அப்புறம் அதே ஓசிச் சிப்பாய்.

எடுத்தாள். இப்போது என்ன செய்வது? பழையபடி காவல் போட்டால் தோற்பாள், அவன் நாளைக்கும் வருவான். திருப்பிக் கொடுத்தால் வருவானோ மாட்டானோ. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தோற்றுக் கொடுத்தது அவனுக்குத் தெரிந்தால் அது இன்னும் அசிங்கம் என்று பட்டது. ராணிக்கு முன்னால் இருந்ததைத் தள்ளினாள்.

அவன் பட்டென்று எடுத்தான். இந்த முறை நன்றாகவே ஆடினான். ஒன்பது நாளும் உட்கார்ந்து இதைத்தான் படித்திருக்கிறான். பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் போனது. திடீரென்று பலகைக்குக் கீழே எழுத்து வந்தது.

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"பாலிஷ் அண்ணன்" என்று தட்டினாள்.

"அதானே. எடுத்ததை நீ திருப்பிக் கொடுத்து நான் பார்த்ததே இல்லக்கா."

அக்கா என்று எழுதியிருந்தான். அவள் முறை. அவளுக்கு இன்னும் ஒரு நிமிடம் நாற்பது நொடி இருந்தது. ஆட்டம் அவள் பக்கம்தான், யானையை நகர்த்தினால் போதும். அவள் யானையைத் தொடவில்லை. எழுத ஆரம்பித்தாள். பல் நிறுத்துகிறவளின் கை, ஒவ்வொரு எழுத்தாகத்தான் வந்தது.

"அம்மா பல்லை நான் மறக்கல. முன்பல்லு விரிசல் விட்டிருந்துச்சு, சரிபண்ண லேபுக்குக் கொண்டுவந்துட்டேன். போன் வந்தப்ப பாலிஷ் போட்டுட்டு இருந்தேன். நான் அம்மா கூட இல்லடா. பக்கத்து வீட்டம்மாதான் இருந்தாங்க. பல்லு இன்னும் என்கிட்டதான் இருக்கு."

அனுப்பியபோது நேரம் தீர்ந்து, அவள் தோற்றுவிட்டதாகத் திரை சொன்னது.

சாப்பாடு ஆறியது. பாலிஷ் அண்ணன் மோட்டாரைப் போட்டுவிட்டார். ஒன்று முப்பதுக்கு எழுத்து வந்தது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

அதன் கீழேயே புது ஆட்டத்துக்கு அழைப்பு. மூன்று நிமிட ஆட்டமல்ல, ஆளுக்கு ஒரு மணி நேரம்.

"என்னம்மா, வேலைக்கு வரலையா?" என்றார் பாலிஷ் அண்ணன், மோட்டார் சத்தத்துக்கு மேலே.

"வர்றேண்ணே," என்றாள் பல்லக்கா. "இன்னைக்குக் கொஞ்சம் லேட்டாகும்."