கமாவுக்கு ஒரு சைரன்

என் பெரியம்மா மகள் லூசியம்மாளின் கடைக்குட்டி ஆக்னஸ், நெய்வேலி சுரங்கத்தில் நிலக்கரி ஓடும் பெல்ட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தாள். பெர்மனென்ட் ஆக இங்கிலீஷ் பரீட்சையும் பாஸாக வேண்டும். ஒருவர் சொன்னதை எழுதும்போது, அந்தப் பேச்சுக்கு முன்னால் கமா போட மட்டும் மறந்து மறந்து போனது. ஒருநாள் சோற்றுக் கரண்டியோடு குதித்தாள் பாருங்கள்!

"ஏங்க, பெல்ட்டு ஓடறதுக்கு முன்னாடி சைரன் ஊதுதில்ல? அதேதாங்க! பேச்சு ஓடறதுக்கு முன்னாடி கமா!"

"அப்ப என்னைத் திட்டறதுக்கு முன்னாடியும் ஒருக்கா ஊதிடுடி" என்றான் புருஷன் தாமஸ்.

ரிசல்ட் அன்று அவன் தெருமுனையிலிருந்தே வண்டி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தான்.

"இன்னாத்துக்குங்க இப்படி ஊரைக் கூட்டறீங்க?" என்று ஓடிவந்தாள் ஆக்னஸ்.

"இது கமாடி! இப்பக் கேளு, நீ பாஸு! பெர்மனென்ட்டு!"