மாசிக் கடையில் தீவுகளின் வானிலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், நான் படிப்பித்த பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், கண்டிச் சந்தைக்கருகே ஒரு மாசிக் கருவாட்டுக் கடைக்குப் போவேன். கடை முதலாளிக்கு வெள்ளைத் தொப்பி, பெரிய தொந்தி, கக்கத்தில் எந்நேரமும் ஒரு குடை. மழைக்காலத்தில் விலை கேட்டால் உடனே சொல்லமாட்டார். வாசலுக்கு வந்து ஹந்தானை மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, மாசி வரும் மாலைதீவின் வானிலையை அறிவிப்பார். அங்கே ஒருநாளும் நல்ல வானிலை இருந்ததில்லை.

“தீவுப் பக்கம் பெரிய காத்து, மாஸ்டர். தோணி ஒண்டும் வராது. விலை ஏறும்.”

“நீங்க கடலைப் பார்த்திருக்கிறீங்களா, முதலாளி?”

“அல்லா இன்னும் நாடல்ல.”

அவர் தீவுகளுக்குப் புயல் அனுப்பிக்கொண்டிருந்தபோதே ஹந்தானையிலிருந்து இறங்கிய மழை, வாசலில் பாய் விரித்துக் காயப்போட்டிருந்த மாசியை எங்கள் கண்முன்னே ஊறவைத்தது. கக்கத்துக் குடை விரியவே இல்லை.

மறுவாரம் போனேன். மரக்கட்டை போல இருக்கவேண்டிய மாசி மெத்தென்று இருந்தது. விலையும் ஏறியிருந்தது.

“நான் அண்டைக்கே சொன்னேன்தானே, மாஸ்டர்,” என்றார், கொஞ்சமும் கூசாமல். “தீவுல சரியான மழை. பாருங்க, நனஞ்சுதான் வந்தீக்கு.”

அந்த மழையில் கூடவே நின்று நனைந்த நான், தீவு மக்களுக்காக இரங்கி, அரை றாத்தல் வாங்கிக்கொண்டு வந்தேன்.