பண்ணை வீட்டுக்கு டிஷ் போட்ட நாள்

கூத்தாநல்லூரில் ஒரு வாத்தியார் வீட்டு மாடியில் என் கூட்டாளி பொருத்திய டிஷ் ஆண்டெனா இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதைத் தாங்கும் குழாய் இம்மிகூடச் சாயாது. அதிலிருந்து இறங்கும் கறுப்பு ஒயர் சுவரின் விளிம்போடு ஒட்டி வந்து, சன்னல் மூலையில் மடங்காமல் வளைந்து திரும்பும். சாணுக்கு ஒரு கிளிப். வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் சற்றுக் கீழே தொங்கி ஒரு வளைவு எடுத்து மேலே ஏறும். மழைத் தண்ணீர் ஒயர் வழியாக உள்ளே போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிட வேண்டும் என்பதற்காக. "வீட்டுல ஒயர் இருக்கறதே தெரியலைங்க தம்பி" என்றார் வாத்தியாரின் மனைவி. அவன் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தான். வேலையைப் பற்றி யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்கு அது போதும்.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவசமாகக் கலர் டிவி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. கூரை வீட்டிலும் டிவி வந்துவிட்டது. வந்தவுடன் எல்லோருக்கும் டிஷ் வேண்டியிருந்தது. நானும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச், ஐடிஐயில் ஒரே பிரிவு. நான் குடியானத் தெரு. அவன் வாய்க்காலுக்குத் தென்கரையில் இருந்த காலனி. இருவரும் பாதிப் பாதி போட்டுத்தான் கடை வைத்தோம். ஆனால் பலகையில் என் பெயர் மட்டும் இருந்தது. அவனே சொன்னதுதான். "உம் பேரு இருந்தாதான் நாலு வீட்டுக்குள்ள கூப்புடுவாங்க மாப்ள." அதை அவன் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். அப்படிச் சொல்ல வேண்டியிருந்ததைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

உண்மையில் வேலைக்காரன் அவன்தான். நான் ஆளைப் பிடிப்பேன், பேசுவேன். ஒயர் இழுத்தால் மீதியைச் சுருட்டி டிவிக்குப் பின்னால் திணித்துவிடுவேன். அவன் அதை எடுத்து, அளந்து வெட்டி, மறுபடி கனெக்டர் மாட்டுவான். குழாய் நேராக நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் இறுக்கமாட்டான். தென்கிழக்கு வானத்தைப் பார்த்து டிஷ்ஷை நூல் நூலாக நகர்த்தி, மீட்டர் முள் ஏறி நிற்கும் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருகாணியை முடுக்குவான்.

அவன் அப்பா பண்ணை நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தார். முன்பு அதே பண்ணையில் கூலிக்கு நின்றவர். குத்தகைப் பதிவேட்டில் தன் பெயர் ஏறிய நாளை அவர் கல்யாண நாளைப் போலச் சொல்வார். பண்ணைக்காரருக்கு அந்த ஆறு மா வேண்டியிருந்தது. பக்கத்தில் புதிய சாலை வருவதாகப் பேச்சு. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தக் கட்சியின் கார் அவர் வாசலில் நிற்கும் என்பதால், அவர் கேட்டால் நடக்கும் என்றுதான் ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பெரியவர், அவன் அப்பா, அசையவில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கிறதே என்ற தைரியம்.

அந்தப் பண்ணை வீட்டிலிருந்து டிஷ் போட எங்களைக் கூப்பிட்டார்கள். போவதா என்று நான்தான் தயங்கினேன். "நிலம் வேற, தொழில் வேற மாப்ள" என்று அவன் கிளம்பிவிட்டான். வாசலில் எங்களைப் பார்த்ததும் பண்ணைக்காரர் என்னிடம் மட்டும் பேசினார். "மாடியில அவன் பாத்துக்கட்டும். வெளிப்படி இருக்கு. உள்ள நீ பாரு." அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளிப்பக்கம் போனான்.

டிஷ்ஷைப் பொருத்தி முடித்ததும், ஏணியில் நின்று வெளியிலிருந்து சுவரில் துளை போட்டான். வெளிப்பக்கம் சரிவாக, கச்சிதமாக. அதன் வழியாக அவன் ஒயரைத் தள்ள, கூடத்தில் டிவி மேசைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து நான் இழுத்தேன். அப்போது தாலுக்கா ஆபீஸ் எழுத்தர் ஒருவர் வந்தார். மேசைக்குப் பின்னால் நான் இருப்பதை அவர் கவனிக்கவில்லை.

"கெழவன் கைநாட்டு இருக்குங்களா?" என்று கேட்டார் எழுத்தர்.

"வெள்ள நிவாரணத்துக்குன்னு சொல்லி வாங்கினது இருக்கு. எழுதாத பேப்பர்தான்" என்றார் பண்ணைக்காரர்.

"அது போதுங்க. குத்தகைய தானே விட்டுக் குடுத்துட்டதா மேல எழுதிக்கலாம். திங்கக்கிழமை தாசில்தார் முன்னால வச்சிடறேன்."

அன்று வியாழக்கிழமை. கனெக்டர் என் கையிலேயே இருந்தது. எழுத்தர் போன பிறகு பண்ணைக்காரர் மேசைப் பக்கம் வந்து குனிந்து என்னைப் பார்த்தார். மிரட்டவில்லை. "காபி சாப்பிட்டியா தம்பி?" என்றார். வெள்ளி டம்ளரில் காபி வந்தது. "நம்ம மருமவன் வீட்டுக்கும், மண்டபத்துக்கும் நீயே பண்ணிடு. பெரிய வேலை" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

திரும்பும்போது மொபெட்டில் நான் ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்திருந்தான். ஆற்றுப்பாலத்தைத் தாண்டியதும் கேட்டான்: "உள்ள யாரோ வந்தாங்கள்ல மாப்ள? என்ன பேசிக்கிட்டாங்க?"

"உரம் வாங்கறதப் பத்திதான்" என்றேன்.

அவன் மறுபடி கேட்கவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாளும் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். சனிக்கிழமை அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த மீன்குழம்பை இருவரும் சாப்பிட்டோம்.

பயந்துவிட்டேன் என்றுதான் வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பயத்தைவிட வேறொன்று இருந்தது. அந்தக் கூடத்துக்கு அவன் வெளியிலும் நான் உள்ளேயும் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அந்த டம்ளர் என் கைக்கு வந்தது பிடித்திருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது.

பதிவேட்டில் பெரியவர் பெயர் அடிக்கப்பட்டது. வருவாய்க் கோர்ட்டில் வழக்கு நடந்தது. கைரேகை அவருடையதுதான் என்று ஆனபிறகு அங்கே பேச அதிகம் இல்லை. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பாப் பயிரில் பண்ணையின் டிராக்டர் இறங்கியது. பெரியவர் வரப்பில் நின்று பார்த்தார். "பேப்பர நம்பிக் குடுத்தது நாந்தானேப்பா" என்றார், அங்கே போயிருந்த என்னிடம். பிறகு, "உங்கப்பா நல்லாருக்காரா?" என்று விசாரித்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

தெரிந்தவன் அவன்தான். மறுநாள் காலை கடைக்கு வந்தான். உட்காரவில்லை.

"நா ஏணியிலதான் நின்னேன் மாப்ள, ஓட்டைக்கிட்ட. 'கைநாட்டு'ங்கறது மட்டும் காதுல விழுந்துச்சு. எது, யாருதுன்னு புரியல. அதான் ஒன்னக் கேட்டேன்."

நான் மேசைமேல் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன்.

"நீ உரம்னு சொன்ன. நானும் நம்பிட்டேன். கோர்ட்டுல அந்தப் பேப்பர நீட்டுனப்பதான் புரிஞ்சுச்சு, நீயா சொல்லுவன்னு காத்திருந்தேன். மேல்முறையீடு போடப் போறோம். இப்பவாவது வந்து கேட்டதச் சொல்றியா?"

"வீட்டுல கலந்துக்கிட்டு சொல்றேன்டா" என்றேன்.

அவன் தலையாட்டினான். தன் டிரில்லிங் மெஷினையும் ரசமட்டத்தையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். என்னுடைய ஸ்பேனர் ஒன்று அவன் பையில் இருந்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அதற்குமேல் அவன் என்னைக் கேட்கவில்லை, நானும் போய்ச் சொல்லவில்லை. மேல்முறையீடும் நிற்கவில்லை. அவன் வேலையைப் பார்த்திருந்த கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் அவனைக் குவைத்துக்கு அழைத்துக்கொண்டார்.

மண்டபம், மருமகன் வீடு எல்லாம் எனக்கே வந்தன. கடை பெரிதானது. அந்த ஆறு மாவில் இப்போது கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். சாலை வந்துவிட்டது.

சென்ற ஆண்டு பெரியவர் இறந்துபோனார். மகன் குவைத்திலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார்கள். போகாமல் இருந்துவிடலாம் என்று காலையெல்லாம் யோசித்துவிட்டு, மாலையை வாங்கிக்கொண்டு போனேன். வாய்க்காலைத் தாண்டி அவன் வீட்டுக்குப் போனது அத்தனை வருடங்களில் அதுதான் முதல் தடவை. பந்தலில் நின்றிருந்தான். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் அழுதிருப்பேன்.

"வாங்க" என்றான்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு, தோள் துண்டை எடுத்து அதைத் துடைத்தான். எங்கள் தெருக்காரர்கள் யாராவது வந்தால் அவன் அப்பா துடைத்துப் போடுவார் என்று அவன் முன்பு சொல்லியிருக்கிறான், அதே மாதிரி.

"உக்காருங்க" என்றான்.

நான் உட்கார்ந்தேன்.