பச்சை மையில் ஓர் இணைப்பு

கல்வராயன் மலையில் சாமை விற்கும் அக்கா ஒருவருக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். அது தேடலில் மேலே வருவதற்குச் செய்ய வேண்டியவை என்று ஒரு பட்டியலும் எழுதினேன். பதினோரு வேலைகள். பத்தை முடித்த பிறகும் ‘கல்வராயன் மலை சாமை’ என்று தேடினால் நாங்கள் நான்காம் பக்கத்தில்தான் இருந்தோம். மிச்சமிருந்தது பதினோராவது: ஒரு கல்லூரித் தளத்திலிருந்து எங்கள் தளத்துக்கு இணைப்பு வாங்குவது.

கல்வி நிறுவனத் தளங்களில் இருந்து வரும் இணைப்புக்கு மதிப்பு ஜாஸ்தி என்று நான் வேலை கற்றுக்கொண்ட இடத்தில் சொன்னார்கள். நான் சரிபார்க்கவில்லை. காலேஜ் தரும் காண்டக்ட் சர்டிபிகேட் இல்லாமல் எந்த வேலைக்கும் போக முடியாத ஊரில் வளர்ந்தவளுக்கு அது நம்பும்படியாகவே இருந்தது.

அக்காவுக்கு அவகாசம் குறைவு. சாமையின் தோல் நீக்கும் மெஷினை அவரும் கொழுந்தனாரும் சேர்ந்து வாங்கியிருந்தார்கள். தைக்குள் ஆர்டர் பிடிக்காவிட்டால் மெஷினை மலையிலிருந்து கீழே தியாகதுருகத்துக்குக் கொண்டுபோய்விடுவதாகக் கொழுந்தனார் சொல்லியிருந்தார். அது போய்விட்டால் அக்கா பழையபடி சாமையைத் தோலோடு வியாபாரியிடம் போட வேண்டியதுதான்.

புரட்டாசியில் கள்ளக்குறிச்சிப் பக்கம் நான் படித்த கல்லூரிக்குப் போனேன். அங்கே தாவரவியல் மாணவர்கள் வருடா வருடம் மலைக்குக் களப்பயணம் போவார்கள். அக்காவின் மெஷினையும் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பயணம் பற்றிய பக்கத்தில் இணைப்பு கொடுத்தால் போதும் என்று அலுவலகத்தில் இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டேன்.

“எதுவானாலும் லெட்டரா குடுத்துடுங்க மேடம்,” என்றார். “வாயால சொன்னா எந்த ஃபைல்ல வெப்பேன்?”

முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். மலைச் சாமை பற்றி, அதில் பொங்கல் வைக்கலாம் என்பதுவரை நாலு வரி, இணைப்பு தரும்படி ஒரு வரி, கீழே தளத்தின் முகவரியும் அக்காவின் போன் நம்பரும்.

பத்து நாளில் போட்டாகிவிட்டது என்று தகவல் வந்தது. கல்லூரித் தளத்தைத் திறந்து பார்த்தேன். முகப்பில் ஓடும் எழுத்துகளில், தேர்வுக் கட்டணத் தேதிக்கும் பஸ் பாஸுக்கும் நடுவில், ‘புதியது’ என்ற மினுக்கலோடு ஒரு வரி. அழுத்தினால் என் கடிதமே திறந்தது. உள்வரவு எண், வட்ட முத்திரை, ஓரத்தில் முதல்வரின் பச்சை மையில் ‘ஆவன செய்க’, கையெழுத்து. ஸ்கேன் கொஞ்சம் சாய்ந்திருந்தது. தளத்தின் முகவரி அந்தப் படத்துக்குள் இருந்தது. அதை யாரும் அழுத்த முடியாது. ஏற்றிய அலுவலகத்துக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. அங்கே எந்தக் கடிதம் வந்தாலும் கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து, ஏற்றுவதுதான் வழக்கம்.

பட்டியலில் பன்னிரண்டாவதாக ‘திருத்தச் சொல்லவும்’ என்று எழுதினேன். அதைச் செய்வதற்குள் அக்காவின் போன் வந்தது.

“பாப்பா, காலேஜ் ஆஸ்டல்ல இருந்து வார்டன் பேசினாரு. பிரின்சிபால் சர்க்குலர் போட்டுட்டாராம், வாரம் ஒருநாள் சாமைப் பொங்கலாம். மூட்டை எப்ப வரும்னு கேக்குறாரு. நீ இன்னா எழுதிக் குடுத்த?”

அது சர்க்குலர் இல்லை, என் கடிதம்தான் என்று விளக்கினேன். வார்டன் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார், சொல்லிவிட வேண்டும் என்றேன்.

“நீயே சொல்லிக்க. இங்க மிஷினு ஓடிக்கினு இருக்குது, எனக்குக் காது கேக்கல.”

அடுத்த வாரம் நானே விடுதிக்குப் போய்ச் சொன்னேன். வார்டன் போனில் கடிதத்தை மறுபடி திறந்து, பெரிதாக்கிப் படித்தார்.

“பச்சை மையில ஆவன செய்கன்னு இருக்குதும்மா. ஆவன செஞ்சிட்டேன். போன வெள்ளிக்கிழமை போட்டோம், தட்டுல ஒருத்தனும் மிச்சம் வெக்கல. நிறுத்தணும்னா அதுக்கும் ஒரு லெட்டர் வேணும். குடுக்கறீங்களா?”

கொடுக்கவில்லை.

பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து, களப்பயணப் பக்கத்தில் சரியான இணைப்பைப் போடவைத்தேன். மார்கழி முடியும்வரை வாரம் ஒருமுறை தேடிக் குறித்தேன். ஒரு வாரம் மூன்றாம் பக்கம். மற்ற வாரங்களில் அதே நான்கு. முதலிலேயே படித்திருக்க வேண்டியதை அப்போதுதான் படித்தேன். கல்லூரி முகவரி என்பதற்காகத் தனி மதிப்பு எதுவும் தருவதில்லை என்று தேடுபொறி நடத்துபவர்களே சொல்லியிருக்கிறார்கள். பதினோராவது வரிக்கு எதிரே ‘செய்து பார்த்தது, பலன் தெரியவில்லை’ என்று எழுதினேன். அதற்கப்புறம் வேறு யாருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

தையில் கொழுந்தனார் சொன்னபடியே மெஷினை ஏற்றிப் போக மினி லாரியோடு வந்திருக்கிறார். மெஷின் இல்லாமல் வண்டி காலியாக இறங்க வேண்டாம் என்று அக்கா அதில் விடுதிக்கான நாலு மூட்டையை ஏற்றி அனுப்பிவிட்டார்.