ஐந்து பேருக்கான பக்கெட்

மிக்சர்ப் பக்கெட் விற்கிறவனுக்குக் கையை விட வாய்தான் கூட உழைக்க வேணும். ஏனென்றால் பக்கெட்டின் முதுகில் கம்பனி எழுதி வைத்ததற்கெல்லாம் பதில் சொல்கிறவன் அவன்தான்.

நான் ஒரு மிக்சர் கம்பனியின் சரக்கு வான் ஓட்டிக்கொண்டு மன்னார்த் தீவிலும் முசலிக் கரையிலும் கடை கடையாகச் சரக்குப் போடுகிறவன். பஸ்ஸில் ஏறி, ஒரு பக்கெட்டை உடைத்து, ரிக்கெட் எடுக்க முதலே முடித்துவிட்டு, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, “என்னடா, இது ஐந்து பேருக்காமே!” என்று திடுக்கிட்ட ஆளா நீங்கள்? அப்படியென்றால் கிட்ட வாங்கோ. நானும் உங்கள் கூட்டம்தான்.

மற்ற நாலு பேர்

சிலாவத்துறையில் நபீல் நானாவின் கடை. விற்பதை விட அவர் தின்பது கூட. ஒருநாள் நான் பெட்டி இறக்கிக்கொண்டிருக்க, பக்கெட்டை மூக்குக்குக் கிட்டப் பிடித்து உரத்து வாசித்தார்: “பரிமாறும் அளவு இருபது கிராம். பக்கெட்டில் ஐந்து பரிமாறல்கள்.” வாசித்த மனுசன் சும்மா இருக்க வேண்டியதுதானே? பக்கெட்டை உடைத்து, தராசில் இருபது கிராமை நிறுத்து, உள்ளங்கையில் கொட்டினார்.

கை நிறையவில்லை. கடலையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. கடைக்கு வந்த சனமெல்லாம் சுற்றி நின்று எட்டிப் பார்க்க, நான் பெட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நானா அதை ஒரே வாயில் போட்டு விழுங்கிவிட்டு, வெறுங்கையை என் முகத்துக்கு நேரே விரித்தார். “யா அல்லாஹ்! இவ்வளவோட நிப்பாட்டுற ஒரு மனுசனை இந்த முசலி முழுக்கத் தேடிக் கூட்டி வா, ரிபாய். இந்தக் கடையை அவனுக்கே எழுதித் தாறன்!”

கருவாட்டைத் துறந்தவர்

பேசாலையில் திரேசா அக்காவின் கடைதான் என் வானுக்கு உயிர். அவர் எடுத்தால் அந்த வரிசைக் கடைகள் எல்லாம் எடுக்கும். அவருடைய மனிசன் அந்தோனிப்பிள்ளை அண்ணன், சொந்த வள்ளம் வைத்திருக்கிற சம்மாட்டி. நான் போன பகலெல்லாம் “சோறு திண்டிட்டுப் போ” என்று பிடித்து இருத்துகிற மனுசன். அவருக்குப் பிரஷர். உப்பைக் குறைக்கக் கிளினிக்கில் சொன்னதும், பேசாலையில் பிறந்து கருவாட்டோடு வளர்ந்த அந்த ஆள் கருவாட்டையே விட்டுவிட்டார்! அதுக்குப் பதிலாகப் பின்னேரத்தில் எங்கள் மிக்சர் ஒரு பக்கெட். பின்னால் உப்பின் அளவு சின்ன இலக்கமாக இருந்ததை அவரே கண்ணாடி போட்டுப் பார்த்தவர். அது ஒரு பரிமாறலுக்கு மட்டும் என்கிற எழுத்து எறும்பை விடச் சின்னது.

பிறகென்ன? ஒரு காலை வள்ளத்தை இழுக்கும்போது மனுசன் தலை சுற்றி மணலில் குந்திவிட்டார். பிரஷர் தாறுமாறாக ஏறியிருந்தது. கிளினிக்கில் நேர்ஸ் பக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, உப்பை ஐந்தால் பெருக்கிக் காட்டினாராம். அடுத்த முறை நான் போக, அக்கா கடையில் தொங்கின என் பக்கெட் சரங்களை எல்லாம் அறுத்து மேசையில் போட்டிருந்தார். வியாபாரம் கிடக்கட்டும், அந்த மனுசனுக்கு ஏதும் ஆகியிருந்தால்? அக்கா அறுத்த சரங்களை என் பக்கம் தள்ளினார். “மடு மாதாதான் இவரைக் காப்பாத்தினவ, உன்ர கம்பனியில்லை! இந்த எழுத்துத் திருந்தாமல் உன்ர பக்கெட் ஒண்டும் பேசாலையில தொங்காது, சொல்லிப்போட்டன்!”

முதலாளியின் விளக்கம்

வானுக்குள் ஏறின கையோடு வவுனியாவில் இருக்கிற முதலாளிக்குப் போன் எடுத்தேன். கெட்ட மனுசன் இல்லை. ஆனால் எதற்கும் சிரிக்கிறவர். நான் படபடவென்று எல்லாத்தையும் கொட்ட, மறுபக்கம் முறுக்குக் கடிக்கிற சத்தம் கேட்டது. “சேர், ஒருக்கா பேசாலைக்கு வந்து பாருங்கோ. இல்லாட்டி இந்த ரூட்டை மறந்திடுங்கோ” என்று கத்தியே விட்டேன். எங்கிருந்துதான் அந்தத் துணிவு வந்ததோ! அவர் முறுக்கை விழுங்கிவிட்டுச் சொன்னார்: “வாறன், வாறன். ஆனா ரிபாய், பின்பக்கத்தையெல்லாம் ஆரப்பா வாசிக்கிறது?”

கரையில் விழுந்த பங்கு

வந்தார்! சப்பாத்துக்குள் மணல் போகப் போகக் கரைக்கே வந்தார். அந்தோனிப்பிள்ளை அண்ணனின் ஆட்கள் அப்போதுதான் மீனைப் பங்கு போட்டு முடித்திருந்தார்கள். எங்கள் கரையில் பங்கு போடுகிற முறை உங்களுக்குத் தெரியுமோ? மீனைக் குவியல் குவியலாக வைத்துவிட்டு ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு “இது ஆருக்கு?” என்று கேட்க, அவர் பாராமலே ஒரு பெயரைச் சொல்லுவார். சொன்னால் சொன்னதுதான்.

திரேசா அக்கா ஒரு பக்கெட்டை உடைத்து, மீன் பெட்டி மூடியில் ஐந்து குவியல் வைத்தார். முதலாளி, நான், அக்கா, வள்ளத்துப் பொடியன்மார் இரண்டு பேர். திங்கக் கூடாத அண்ணன் கடலைப் பார்த்து நின்று பெயர் சொன்னார். முதலாளிக்கு விழுந்த குவியலில் நாலே நாலு கடலை! ஒரே வாயில் முடிந்தது. முடிந்ததும் முதலாளியின் கை தன்பாட்டில் பக்கத்துக் குவியலுக்குப் போனதே, பார்க்க வேணும்! “ஐயோ, களவு!” என்று பொடியன்மார் துள்ளிக் குதிக்க, கரையே சிரித்தது. நானும் மணலில் குந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அண்ணன் மட்டும் சிரிக்காமல் திரும்பினார். “பங்கு விழுந்தாப் பிறகு மற்றவன்ர குவியலில கை வைக்கிறதில்லை, முதலாளி. உங்கட கணக்குப்படி உங்களுக்கு வயிறு நிறைஞ்சிட்டுது.”

கண்ணாடி போட்ட பிறகு

முதலாளி போகும்போது சிரிக்கவில்லை. அதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்தது. மீதியைப் புதுப் பெட்டிகள் கொண்டுவந்தன. பக்கெட்டின் முன்பக்கத்திலேயே, பெரிய எழுத்தில்: “முழுப் பக்கெட்டும் ஒருவருக்கு. முழு உப்பும் இவ்வளவு.” அல்ஹம்துலில்லாஹ்! வானை எப்படிப் பேசாலைக்கு ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அக்கா தன் கையாலேயே சரத்தைத் தொங்கவிட்டார். பிரஷர் இறங்கி, முகம் தெளிந்து இருந்த அண்ணன் ஒரு பக்கெட்டைக் கழற்றி, கண்ணாடியைப் போட்டு, மெதுவாக வாசித்தார். அப்படியே சரத்தில் திருப்பிக் கொழுவினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கோ வேறு துக்கம். “அடப் பாவிகளா! இவ்வளவு உப்பைத் திண்டுகொண்டோ நான் கருவாட்டை விட்டனான்?”

சுருங்கிய பக்கெட்

அதே குதூகலத்தோடு சிலாவத்துறைக்குப் போனேன். நபீல் நானா கட்டிப்பிடிப்பார், பால் விடாத ஒரு பிளேன்டியாவது தருவார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவர் பழைய பக்கெட் ஒன்றையும் அதே நூறு கிராமான புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெளியில் நின்ற சனத்துக்கும் கேட்கக் கத்தினார். “ஓடி வாங்கோ எல்லாரும்! முந்தி ஐஞ்சு பேருக்கு இருந்த பக்கெட்டை இப்ப ஒரு ஆளுக்குக் குறைச்சுப்போட்டானுகள், கள்ளனுகள்!”

எறும்பெழுத்தில் ஏய்த்த காலமெல்லாம் என்னைத் தம்பி என்று கூப்பிட்ட ஊர், உள்ளதைப் பெரிதாக அச்சடித்த பிறகு கள்ளன் என்கிறது. பரவாயில்லை, பேசாலையில் ஒரு மனுசன் நிமிர்ந்து நின்று வள்ளம் இழுக்கிறார்.